கறைபடாத ஜெர்சி

என் மகள் பிரின் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். முதல் டிவிஷனில் ஆடும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும், மூன்றாம் டிவிஷனில் ஆடும் சின்னக் கல்லூரி ஒன்றும் அவளைத் தங்கள் அணிக்குக் கூப்பிட்டிருந்தன. முதல் டிவிஷன்தான் என்று அயோவாவில் எங்கள் ஊர் முழுக்க நான் சொல்லி முடித்திருந்தேன். பெரிய பல்கலைக்கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்கப் போன அன்று, வாசலிலேயே அவர்கள் பெயரை நூலில் தைத்த தொப்பியையும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் பெற்றோரோடு சாப்பிடப் போனார்கள். ஆட இறக்கப்படாமல் பெஞ்சிலேயே இருந்தவர்களை மட்டும் பயிற்சியாளர் காலி மைதானத்தில் ஓடவிட்டார். இரண்டாவது கோல்கீப்பரும் அவர்களோடு ஓடினாள். அவளுடைய அப்பா சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் காத்து நின்றார்.

"அவ மூணாவது வருஷமாம்ப்பா," என்றாள் பிரின். "ஜெர்சில ஒரு புல்லுக்கறைகூட இல்ல."

"நல்லாத் துவைக்கிறா போல."

அவள் சிரிக்கவில்லை. "சின்னக் காலேஜ்ல முதல் வருஷமே என்னைக் கோல்ல நிக்க வைக்கறேங்கறாங்க. எனக்கு ஆடணும்ப்பா. ஆனா நீ ஊரெல்லாம் சொல்லிட்டே. தொப்பி வேற வாங்கிட்டே."

நான் வேலியோரம் நின்றவரை இன்னொரு முறை பார்த்தேன்.

"தொப்பி வெயிலுக்குடா தங்கம். எந்த டிவிஷன் ஆட்டத்தை உக்காந்து பாத்தாலும் அதே வெயில்தான்."

அவள் அதைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "அப்போ இது எனக்கு. கோல்ல நிக்கறவளுக்குத்தான் கண்ணு கூசும்."

"அங்க போய் இவங்க பேரோடயா நிப்பே?"

"பேரைப் பிரிச்சுட்டுப் போட்டுக்கறேன். நீ ஊருக்குப் பதில் சொல்லு."