நாலு பல் தள்ளி

1

இடுப்பு விட்டுப்போய்விட்டது. இதைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு பழைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்குக் கீழே ஒரு வெறுஞ்சாக்கு மட்டும். கழுத்து இடதுபக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. கண்ணில் விழுந்த துரு இன்னும் உறுத்துகிறது. இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதியது பொய். மாட்டிக்கொண்டேன்.

கந்தர்வக்கோட்டையில் மரியசெல்வம் என்று ஒரு மெக்கானிக். புதுக்கோட்டை ரோட்டில் தகர ஷெட். முந்திரி காய்க்கும் காலத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்காது. இந்தச் சித்திரையில் ஷெட் காலியாகக் கிடக்கிறது. காரணம், நான் பேசிய ஒரு பேச்சு. அது நிஜமா என்பதுதான் கதை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "ராசாத்தியின் ஜீப் ஒரு கிழட்டு யானையைப் போல"

அடித்துவிட்டேன். யானை முந்திரிச் சாக்கு சுமக்காது.

இரண்டாம் தொடக்கம்: "செம்மண் பாதையில் மாலை வெயில் சரிந்து"

வேண்டாம். வெயிலை வைத்துத் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

உள்ளபடி: ராசாத்தி என் அக்கா. அத்தான் இறந்த பிறகு அவருடைய ஜீப்பை அவளே ஓட்டுகிறாள். இருபத்தேழு வருஷத்து வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். டிராக்டர் திரும்ப முடியாத தோப்புகளுக்குள் புகுந்து, மணலில் புதையாமல், கொட்டைச் சாக்குகளை ரோட்டுக்குக் கொண்டுவருவாள். மூன்று மாத வேலை, ஒரு வருஷத்துச் சாப்பாடு.

பங்குனியில் கியர் போடும்போதெல்லாம் அடியில் டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. மரியசெல்வம் உள்ளே புகுந்து ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

[ஷாஃப்ட் தெரியாதவர்களுக்கு: கியர்ப்பெட்டியின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய். இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று, பல்லோடு பல் செருகி நிற்கும். இதை ஞாபகத்தில் வையுங்கள். நான் வைக்கவில்லை.]

பல் தேய்ந்துபோயிருந்தது. புதிதாகவே மாற்றிவிடலாம், அல்லது டவுனில் லேத் பட்டறைக்குக் கொடுத்துத் தேய்ந்த பகுதியை வெட்டி வேறு பல் வைத்து ஒட்டலாம் என்றார். அக்கா பழசையே சரிபண்ணச் சொன்னாள். இப்போது வருகிற சாமானெல்லாம் தகரம், அத்தான் காலத்து இரும்பு இனிக் கிடைக்காது என்பது அவள் கட்சி. பழசின் மதிப்பை மரியசெல்வத்தின் முன்னாலேயே சொல்லிக்கொடுத்ததுதான் பிசகு என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

ஷாஃப்ட் நாலு நாள் அவரிடம் இருந்தது. அஞ்சாம் நாள் மாட்டிக்கொடுத்தார். சத்தம் போய்விட்டது.

3

அன்று சாயங்காலம் அக்கா குனிந்து பார்த்தாள். ஷாஃப்ட் பளபளவென்று கறுப்புப் பெயிண்டில் இருந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டியின் முன்பக்கம் பொட்டு வைப்பார்கள். அக்கா அடியில் படுத்து ஷாஃப்டின் நடுவிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பாள். முன்னால் இருப்பது வெறும் மூஞ்சி, பாடுபடுவது இதுதான் என்பாள். ஒன்பது வருஷம் பொட்டின் மேல் பொட்டு, அதன் மேல் கிரீஸ், அதன் மேல் செம்மண் என்று தடித்துப்போய் ஒரு மேடே இருந்தது. இப்போது அது இல்லை.

"டீசல் ஊத்திக் கழுவாம எப்புடிக்கா வெல்டு வைப்பாரு?" என்றேன்.

"கழுவட்டும். பெயிண்டு எவன் கேட்டது? எவனோட பழசையோ மறைக்கத்தான்டா பெயிண்டு. நம்ம ஷாஃப்ட் இந்நேரம் எவன் வண்டியிலயோ சுத்துது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் திருமயம் பக்கம் கல்குவாரியில் வளர்ந்தவர்கள். அப்பா தான் உடைத்த கல்லில் உளியால் இரண்டு கொத்து கொத்திவைப்பார். வைக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் அந்தக் கல் இன்னொருவர் உடைத்ததாகிவிடும். ஆளைவிட அடையாளத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

மூன்றாம் நாள், வேகம் நாற்பதைத் தாண்டினால் ஜீப் உதற ஆரம்பித்தது.

4

உதயசூரியன் டீக்கடையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் முந்திரி வியாபாரிகள். அவர்களுடைய லோடு வண்டிகளுக்கு மரியசெல்வம்தான் வைத்தியர். எங்கள் ஷாஃப்டை மாற்றிவிட்டு எதையோ பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார், வண்டி உதறுகிறது என்றேன். சத்தம் போடவில்லை. தணிந்த குரலில் சொன்னால்தான் பேச்சு பரவும் என்று எனக்குத் தெரியும்.

"பெயிண்டு அடிச்சுத் தள்ளிவிடுறது புதுசா?" என்றார் கடைக்காரர் உதயசூரியன். "எங்க மாமனார் வீட்டுல எனக்கே அப்படித்தான் ஒண்ணத் தள்ளிவிட்டாக." எல்லாரும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மரியசெல்வம் வந்தார். அதே ஆறு பேர் இருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் மாட்டிக் குடுத்ததுக்கப்புறம் யாராச்சும் அடியில கை வச்சீங்களா?"

"இல்ல."

"கழட்டலையா?"

"இல்லண்ணே."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அந்த வாரமே வியாபாரிகளின் வண்டிகள் வேறு ஷெட்டுக்குப் போயின. அடுத்த வாரம் மற்றவையும் போயின.

(அடிக்குறிப்பு: அந்த வாரம் நான் அந்தப் பக்கமாக இரண்டு தரம் பஸ்ஸில் போனேன். இரண்டு தரமும் அவர் ஷெட் வாசலில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தவற்றையே திரும்பவும் துடைத்தார்.)

5

இந்தக் கதையின் முதல் எழுத்துப்படியில் மரியசெல்வத்துக்கு மாறுகண் கொடுத்திருந்தேன். அவருக்கு மாறுகண் கிடையாது. நீங்கள் அவரைச் சந்தேகப்பட வேண்டுமென்று வைத்தேன். அடுத்த படியில் ஷெட்டுக்குள் ஒரு மாதா படம் மாட்டி, அதற்கு மெழுகுவத்தியும் ஏற்றி, அவரை நல்லவராக்கப் பார்த்தேன். அதையும் எடுத்துவிட்டேன். படம் மாட்டியவர்களும் திருடுவார்கள்.

கதைகளில் சந்தேகத்துக்கு ஆளானவன் கடைசியில் யோக்கியனாகவே இருப்பான். அது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். குவாரியில் நாங்கள் சந்தேகப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லை எடுத்தவர்கள்தான். ஆகவே அவசரப்பட்டு அவர் பக்கம் சாயாதீர்கள்.

என் பக்கமும்.

6

மூன்றாம் பகுதியிலிருந்து ஒரு பத்தியை உருவிவிட்டேன். கடைசி வரிக்கு முன்னால் இருந்தது. அது இது:

"இரண்டாம் நாள் நானும் அக்காவும் ஷாஃப்டைக் கழற்றினோம். கத்தியால் பெயிண்டைச் சுரண்டி, பொட்டு இருந்த கறை தெரிகிறதா என்று தேடினோம். தெரியவில்லை. இறக்கும்போதே அது இரண்டு துண்டாக உருவிக்கொண்டது. திரும்பச் செருகினேன், உள்ளே போனது. போனால் சரிதானே என்று எட்டு போல்ட்டையும் முறுக்கினேன்."

மறுநாள்தான் உதறல். 'பாத்தியா, நம்மதா இருந்தா உதறுமா?' என்றாள் அக்கா. நானும் ஆமாம் என்றேன். சத்தியமாக அப்போது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. டீக்கடையில் அவர் கேட்டபோது சேர்ந்துவிட்டது. அதனால்தான் இல்லை என்றேன்.

இன்று காலை ஏன் அடியில் படுத்தேன்? மனம் திருந்தியெல்லாம் இல்லை. உதறலில் சாக்குகள் சரிகின்றன, வேலை நிற்கிறது. வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனால் கழற்றிய கதையை அந்த ஆள் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம். மிச்சப் பெயிண்டையும் சுரண்டினேன். ஒரு துண்டில் ஓர் உளிக்கொத்து. அடுத்த துண்டில் இன்னொன்று. மரியசெல்வம் வைத்த குறி. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் ஷாஃப்ட் ஆட்டமில்லாமல் சுற்றும். நாலு பல் தள்ளி நின்றன.

உளிக்கொத்தைப் பார்த்து வளர்ந்தவன், அதையே பார்க்காமல் பொட்டைத் தேடியிருக்கிறேன்.

உருவி, நேராக்கி, முறுக்கினேன். தோப்புவரை ஓட்டினேன். ஐம்பதில் போகும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் அலுங்கவில்லை.

7

முடிவு ஒன்று: நான் ஷெட்டுக்குப் போகிறேன். மரியசெல்வம் சிரித்துக்கொண்டே டீ வாங்கித் தருகிறார். (பொய். அவர் தரமாட்டார். தரவும் கூடாது.)

முடிவு இரண்டு: எங்கள் ஷாஃப்ட், பொட்டு மேட்டோடு, அரிமளத்தில் ஒரு ஜீப்பின் அடியில் கிடைக்கிறது. (இதை மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. என்னைக் காப்பாற்றுவதற்கென்றே அவ்வளவு நன்றாக வந்தது என்று தோன்றியதும் கிழித்தேன்.)

முடிவு மூன்று: அக்கா சொன்னது.

"குறிய வச்சது அவருதான். ஆனா அவரு எந்த ஷாஃப்டுல வச்சாரு? நம்மதுதான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பொறம் என்ன மயித்துக்கு அங்கிட்டுப் போற? உதறுனது நம்மளாலன்னு ஒரு வார்த்த விட்டா, மாத்துனதும் பொய்யின்னு ஆயிரும். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லோடு கேப்பேன்?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பெயிண்ட் ஏன் அடித்தார் என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் இல்லை. லேத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் அடித்துக் கொடுக்கிறார்களோ என்னவோ, போய்க் கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

எனவே அது எங்கள் ஷாஃப்டா இல்லையா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பொட்டு, பெயிண்ட், நாலு நாள், உளிக்கொத்து எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. யாரை வேண்டுமானாலும் நம்பாமல் போங்கள்.

ஆனால் ஒன்றை உங்கள் தலையில் கட்ட முடியாது. அவர் என்னிடம் கேட்டது எது யாருடைய ஷாஃப்ட் என்று அல்ல. கழற்றினோமா என்றுதான் கேட்டார்; அதற்கு எனக்குப் பதில் தெரியும். குப்புறப் படுத்து இவ்வளவு எழுதியும் அதை நான் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மரியசெல்வத்துக்கு நான் தரவேண்டிய பாக்கி: உதயசூரியன் டீக்கடையில், அதே ஆறு பேர் முன்னால், "ஆமாண்ணே, கழட்டுனேன்."