கால் சென்டிமீட்டர்

மூன்றாவது முறையாகவும் கணக்கு டீச்சரின் ஆய்வேட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். காரணம் அதேதான்: இடது ஓரம் கால் சென்டிமீட்டர் கூடுதல். பல்கலைக்கழகத்தில் ஏடுகளை அளந்து வாங்கும் அலுவலருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரைமில்லி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மனுஷன் பார்த்ததே கிடையாது. ஸ்கேலை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், தள்ளிவிடுவார்.

"வெள்ளிக்கிழமையோட உங்க பதிவு காலாவதிம்மா. அப்புறம் முதல்லேருந்துதான்," என்றார்.

முதலிலிருந்து என்றால் அத்தனை வருஷ உழைப்பும் தண்ணீரில் போகும்.

பக்கத்துக்குப் பக்கம் சூத்திரங்கள் என்பதால், கட்டளை எழுதினால் பக்கத்தைத் தானே அமைத்துத் தரும் மென்பொருளில்தான் ஏட்டைச் செய்திருந்தாள். பல்கலைக்கழகம் கொடுத்த ஆயத்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டவளுக்கு, இப்போது அதன் குடலை உருவிப் பார்க்க வேண்டிய தலையெழுத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ஓரத்துக்கு ஒரு கட்டளை, தலைப்புக்கு ஒன்று, அடிக்குறிப்புக்கு ஒன்று என்று கற்றாள். இடது ஓரத்தைக் குறைத்தால் வலது ஓரம் முரண்டு பிடித்தது. இரண்டையும் வழிக்குக் கொண்டுவந்தால் அட்டவணை பக்கத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் கணினியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பார்கள். இவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கணவரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்: "ஒரு ஓரத்தை நகர்த்த இவ்வளவு நாளா? உனக்கு எதுலயும் கவனம் பத்தாது."

அதை அவள் நம்பியதுதான் கொடுமை.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, மூன்று முறையும் ஏட்டை அச்சடித்த நகல் கடைக்குப் போனாள். ஏட்டோடு ஒரு சோதனைப் பக்கமும் வைத்திருந்தாள். அதில் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, வேறொன்றும் இல்லை. கோடு போடும் கட்டளை புதிதாகக் கற்றது. அச்சாகி வந்த தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஒன்பதரையைத் தாண்டியது, பத்தைத் தொடவில்லை.

"அண்ணே, உங்க மெஷின் சின்னதாக்கி அடிக்குதா?"

"தாளுக்குள்ள அடங்கணும்ல? எல்லாருக்குமே அப்படித்தாம்மா வச்சிருக்கோம்." கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். தாளுக்கு ஏற்றபடி அடிக்கச் சொல்லும் கட்டத்தில் ஒரு டிக் இருந்தது.

அதை எடுக்கச் சொன்னாள். கோடு பத்தில் வந்து நின்றது. இத்தனை நாளும் எழுத்தெல்லாம் சுருங்கி அச்சானதில்தான் ஓரம் அகன்றிருக்கிறது. கோபம் வர வேண்டிய இடம், ஆனால் அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. முட்டி மோதித் திருத்திய கோப்பு இனி எதற்கும் உதவாது. மின்னஞ்சலில் கிடந்த முதல் கோப்பை, ஒரு கட்டளையையும் தொடாத அதை, எடுத்து அடிக்கச் சொன்னாள்.

மறுநாள் அரைமில்லி நான்கு ஓரங்களையும் அளந்தார்.

"பாத்தீங்களா, மெனக்கெட்டா வருதில்ல?" என்று முத்திரை குத்தினார்.

அவரோடு மல்லுக்கு நிற்க அவளால் ஆகவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து கணவரை அழைத்தாள்.

"வாங்கிட்டாங்க."

"அப்பாடா! எங்கதான் தப்பு பண்ணியிருந்தே?"

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க," என்றாள்.

அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.