குப்புராஜ் வாசலில் ஏழு எலிகள்

தர்மபுரி டவுனில் யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறதோ, அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் முன்னதாகவே எலிகள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். தக்காளிக்கு விலையில்லாமல் மண்டிக்காரர்கள் கூடை கூடையாகச் சாக்கடையோரம் கொட்டிய வருஷம் தொடங்கியது இது. தின்று பெருத்த எலிகளின் மூத்திரத்திலும் புழுக்கையிலும் வைரஸ் இருக்கிறது, வெறுங்கையால் தொடாதீர்கள் என்று சுகாதார ஆய்வாளர் ஆரோக்கியராஜ் தெருத்தெருவாக மைக்கில் சொன்னார். கொடுத்த நோய்க்கு வெட்கப்பட்டு எலிகளே சொல்ல வருகின்றன என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எலி வந்த அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

மண்டிக்காரர் குப்புராஜ் ஒளித்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் ஏழு எலிகள், அவரையே பார்த்தபடி. ஊருக்குத் தெரிந்தால் மண்டிக்கு ஒருத்தன் வரமாட்டான் என்று மசால்வடையில் மருந்து வைத்து ஏழையும் கொன்றார் மனுஷன்!

"எதுக்குங்க இந்தப் பாவம்? பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமில்லீங்க" என்றாள் மனைவி சுகுணா. பிள்ளையார் வாகனத்தைத் துடைப்பத்தால் தள்ளுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொல்லையில் புதைத்தாள். "தொட்டிக்குப் பின்னால ஒண்ணு கெடக்குது பாரு" என்று காட்டிக்கொடுத்தது குப்புராஜ்தான்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. யாருக்கும் தெரியாமல் சேலம் போய்ப் படுத்து, பிழைத்து வந்துவிட்டார். வந்த வாரமே சுகுணாவுக்கு உடம்பு கொதித்தது. குப்புராஜ் வாசலை எட்டிப் பார்த்தார், எலி இல்லை. "ஒண்ணும் வரலையே புள்ள, வெறும் சளிக்காய்ச்சல்தான்" என்று ரசஞ்சோறும் மாத்திரையும் கொடுத்தார். தினமும் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. பெரியாஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் போய்விட்டாள். ஐயோ, கொஞ்சம் முன்னால் கூட்டிப்போயிருந்தால் இருந்திருப்பாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு எலிகள் வருவதில்லை. மற்ற தெருக்களில் எங்கே உட்கார்ந்தாலும் குப்புராஜ் தன் மண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்காரர்களை ஏற்றி ஆஸ்பத்திரியில் விடுகிறார். இப்படி ஆறு வருஷம். ஆரோக்கியராஜிடம் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார்: "அவளுக்குச் சொல்ல ஒண்ணயாச்சும் உட்டு வெச்சிருக்கலாமுங்க சார்."

அவர் வண்டி வந்து நிற்கும்வரை எலிகள் அசைவதில்லை. வந்ததும் எழுந்து வழிவிடுகின்றன.