பூஜை நாளில் வைத்த புள்ளி

நிர்மால்ய சன்யாலைப் பேச அழைக்கும்படி அறிவியல் மன்றத்துத் தபோஷிடம் சொன்னதே நான்தான். தலைப்பையும் நானே கொடுத்தேன்: 'அறிவியல், பண்பாடு, சமூகம்'. அந்தத் தலைப்பில் மைக்கைக் கொடுத்தால் மனிதர் எந்தக் கதையைச் சொல்லாமல் இறங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரை மன்னித்துவிட்டீர்களா என்று தபோஷ் ஆச்சரியத்தோடு கேட்டான். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. டீயை உறிஞ்சினேன்.

கொல்கத்தாவில் மூத்தவர்கள் எல்லோரும் 'தா', அதாவது அண்ணன். எனக்கு வாய்த்த அண்ணன் இவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில், வானிலிருந்து விழும் துகள்களை எண்ணும் கருவியை ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியவள் நான். ஒவ்வொரு நாள் எண்ணிக்கையையும் ஒரு புள்ளியாக வைத்து இழுத்த வரைபடத்தில் ஒரே ஓர் இடத்தில் கோடு அறுந்திருந்தது. செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு இந்த ஊரில் யாரும் இயந்திரத்தைத் தொடமாட்டார்கள். எங்கள் கருவியும் குங்குமப் பொட்டோடு, சாமந்தி மாலையோடு அணைந்து கிடந்தது; நாங்கள் மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தோம்.

"பல்லுப் போன வாய் மாதிரி இருக்கு. ஒரு புள்ளி வெச்சு மூடு" என்றார் நிர்மால்யதா. மாட்டேன் என்றேன். கட்டுரை வெளிவந்தபோது கோடு அறாமல் இருந்தது. என் பெயர்தான் அறுந்துபோயிருந்தது. கேட்டவர்களிடம், சுதேஷ்ணாவா, அவள் கருவிக்குத் தூசி தட்டினாள் என்றாராம். வேலையும் போனது. பாராக்பூர் தாண்டி ஒரு கல்லூரியில் ஊசல் ஆட்டிக் காட்டிக்கொண்டு, வயிற்றெரிச்சலோடு வருஷங்களை ஓட்டினேன். அந்த அளவீடு என்னுடையது என்று நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும். எனக்கு அது போதும்.

பேச்சு நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அவருடைய நிறுவனத்து இயக்குநரே உட்கார்ந்திருந்தார். வேட்டியும் ஜிப்பாவுமாக வந்த நிர்மால்யதா, அறிவியல் மேற்கிலிருந்து வந்த விருந்தாளி அல்ல, நம் வீட்டுப் பிள்ளை என்றார். சந்தேகப்படத் தெரியாத சமூகம் அடிமைச் சமூகம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருடனுக்கும் நல்ல கருத்து வரும்.

பிறகு நான் காத்திருந்த கதை வந்தது. விஸ்வகர்மா பூஜையன்று தன் கூடத்தில் ஸ்விட்சைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை, கருவிக்குத் தானே மாலை போடுவேன், ஒரு வருஷமும் தவறியதில்லை என்றார். கைதட்டல். அடுத்து, அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த அந்த வரைபடம் திரையில் விழுந்தது. மாலை போட்டதை மறக்காத மனிதர், புள்ளி வைத்ததை மறந்திருந்தார்.

நான் எழுந்தேன்.

"நிர்மால்யதா, கருவி மாலை போட்டுக்கிட்டு அணைஞ்சு கிடந்திருக்கு. அப்புறம் அந்தப் பதினேழாம் தேதிப் புள்ளிக்கு யார் எண்ணிக் கொடுத்தது, விஸ்வகர்மாவா?"

அரங்கம் சிரித்தது. அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. நிர்மால்யதாவின் நெற்றி வியர்த்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

"அந்த அளவீடு எதுவும் நான் எடுத்ததில்ல" என்றார் அவசரமாக. "மழைக்காலம் பூரா கருவியை ஓட்டினது, எண்ணினது எல்லாம் சுதேஷ்ணாதான். தப்பு இருந்தா அவளைத்தான் கேக்கணும்."

பேச்சு பதிவாகிறதா என்று தபோஷைக் கேட்டேன். அவன் தலையாட்டினான்.

"ஆமா, எல்லாம் நான் எடுத்ததுதான்" என்றேன். "அந்த ஒரு புள்ளி மட்டும் உங்களுது. அதை நீங்களே வெச்சுக்குங்க."