போதகர் வீட்டு நாற்றம்

லாரியில் ஏறுவதற்கு முன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். இந்த முறையும் போதகர் வீடு சரியில்லை என்றால் அவர் தன் சாமான்களை இறக்கிக்கொள்ளட்டும், நான் அதே லாரியில் மலைமேல் இருக்கும் பழைய ஊரான முசூசுவுக்கே திரும்பிவிடுவேன் என்று. பள்ளிக்கூடத்தில் என் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. திங்கட்கிழமை காலைவரை பொறுத்திருப்பதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று சனிக்கிழமை.

அவர் சிரித்தார். "நியாஹாரா, கர்த்தர் நமக்கு முன்னால போய் எல்லாத்தையும் ஆயத்தம் பண்ணி வச்சிருக்கார். நீ ஏன் கவலைப்படுற?"

பதினோரு வருடத்தில் இது நான்காவது மாற்றல். கர்த்தர் ஆயத்தம் பண்ணிவைத்த லட்சணத்தை மூன்று தடவையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் வீட்டில் கூரைக்குள் வௌவால்கள். அவற்றின் மூத்திரம் நாங்கள் சாப்பிடும் தட்டில் சொட்டியது. இரண்டாவது வீட்டில் கக்கூஸுக்குக் கதவு இல்லை. மூன்றாவது வீட்டின் படுக்கையறையில் யாருடைய நாயோ குட்டி போட்டு, அதில் இரண்டு செத்தும் கிடந்தன. ஒவ்வொரு தடவையும் விளக்குமாறு பிடித்தது நான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று கர்த்தரின் அன்பைப் பற்றிச் சாட்சி சொன்னது அவர். முன்னால் போகிறவர் ஒரு விளக்குமாறையும் கையோடு கொண்டுபோகக் கூடாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த மாற்றலோ ஆரம்பத்திலிருந்தே இழுபறி. ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. ஊரில் எங்கேயும் டீசல் இல்லை. டிரைவர் ஃபைசன் லாரியைப் பெட்ரோல் பங்க் வரிசையில் நிறுத்திவிட்டு அதிலேயே குடியிருந்தான். இப்படிப் பதினேழு நாள். ஒவ்வொரு சாயங்காலமும் நாங்கள் போகவேண்டிய ஏரிக்கரை ஊரிலிருந்து சபை மூப்பர் போன் பண்ணி, என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்பார். ஒவ்வொரு சாயங்காலமும் இவர் ஒரே பதிலைச் சொன்னார்: "நாளைக்கு வர்றோம், மூப்பரே. விசுவாசத்தோட சொல்றேன்."

டீசல் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. இல்லை என்று ஊழியக்காரன் தன் வாயால் சொல்வது அவிசுவாசமாம். கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. நாளை போனால் என்ன, போகாவிட்டால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மலையிலிருந்து லாரி இறங்க இறங்க வெக்கை முகத்தில் அடித்தது. பன்னிரண்டு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். மாமரத்தடியில் மாதர் சங்கத்துப் பெண்கள் முப்பது பேர், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் இரண்டு கைகளாலும் சாவியை நீட்டினார். ஒருமுறை ஜெபம்பண்ணிப் பூட்டிவிட்டால், புதுப் போதகர் வந்து ஜெபம்பண்ணித் திறக்கும்வரை அந்த வீட்டை வேறு யாரும் திறப்பதில்லை என்பது எங்கள் சபைகளில் வழக்கம்.

என் கணவர் வாசலில் நின்று நீளமாக ஜெபித்தார். ஜெபம் பாதி நடக்கும்போதே நாற்றம் என் மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கதவுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து படியில் காய்ந்திருந்தது. அதன் மேல் ஈக்கள் அப்பிக்கிடந்தன. ஆமென் சொல்லிக் கதவைத் தள்ளினார்.

அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வது. அது மூக்கோடு நிற்கவில்லை, நாக்கில் வந்து ஒட்டியது. கூடத்தின் நடுவில் ஒரு மேஜை; அதன்மேலும் கீழேயும் மூட்டைகள், கூடைகள், பானைகள். ஒரு சாக்கின் அடி கிழிந்து, கூழாகிப்போன மீன் வெளியே வழிந்திருந்தது. அந்தக் கூழ் நெளிந்தது. புழு. தரை முழுவதும் புழு. சுவரில்கூட ஏறிக்கொண்டிருந்தது. முட்டைகள் வெடித்துக் கிடந்தன. வாழைத்தார் கறுத்து உருகித் தொங்கியது. என் காலடியில் கொழுத்த எலி ஒன்று அவசரமே இல்லாமல் நடந்து போனது. நான் வெளியே ஓடிப் படிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

எங்களுக்கு முன்னால் இருந்த கோண்ட்வே போதகர் சபையாரோடு மனஸ்தாபப்பட்டு மாற்றலாகிப் போனவர் என்பது எல்லாருக்கும் தெரியும். இது அவர் செய்துவிட்டுப் போன வேலை என்று தீர்மானித்துவிட்டேன். ஆத்திரம் கண்ணை மறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அத்தனை பெண்களுக்கு முன்னாலும் திட்டித் தீர்த்தேன். இதை மனுஷர்கள் செய்வார்களா, பன்றிகூடத் தான் படுக்கிற இடத்தை இப்படி வைக்காது, இதை வைத்தவன் கை விளங்குமா, முப்பது பேர் சுற்றி இருந்தும் ஒருத்திக்கும் மூக்கு இல்லையா என்றெல்லாம் கேட்டேன். பாட்டு நின்றுபோனது. ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

ஃபைசனைப் பார்த்து, என் பெட்டியை இறக்காதே, நானும் உன்னோடு வருகிறேன் என்றேன். மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் மலை ஏறலாம் என்றான் அவன். என் கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று. அவர் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது மாதர் சங்கத் தலைவி, மூப்பரின் மனைவி நியாம்சிஸ்கா, முன்னால் வந்து என் வாந்திக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டாள்.

"அம்மா, கோண்ட்வே போதகர் வீட்டைக் கழுவிவிட்டுட்டுத்தான் போனார். அது நாங்க வச்சது."

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். பதினேழு நாளைக்கு முன்னால், நாளை வருகிறோம் என்று போன் வந்ததாம். புதுப் போதகர் குடும்பம் வெறும் வீட்டில் நுழையக் கூடாது என்று வீட்டுக்கு வீடு சேர்த்தார்களாம். மீன் புதிதாக இருக்க வேண்டுமென்று மறுநாள் விடியற்காலையில்தான் பிடித்து வந்தார்களாம். எல்லாவற்றையும் மேஜையைச் சுற்றி வைத்து, ஜெபம்பண்ணிக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்து, கதவைப் பூட்டினார்களாம்.

"நாத்தம் வந்ததும் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"ஜெபம்பண்ணிக் குடுத்ததை எப்படிம்மா திருப்பி எடுக்கிறது? அதுவுமில்லாம தினமும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க. நாளைக்கு வர்றவங்க வீட்டை இன்னைக்கு நாங்க திறக்கலாமா?"

தினமும் காலையில் சங்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமரத்தடியில் வந்து காத்திருந்ததாகவும் சொன்னாள். அப்போதுதான் அந்தப் பெண்களை நான் சரியாகப் பார்த்தேன். கழுத்தெலும்பு எல்லாருக்கும் சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. ஜனவரி, பிப்ரவரி எங்கள் நாட்டில் பஞ்ச மாதங்கள். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஒருவேளைக் களி கிண்டுகிற வீடே பெரிய வீடு.

"இத்தனை நாளும் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அவள் மரத்தைக் காட்டினாள். "மாங்கா இருந்துச்சும்மா."

இதை வைத்தவன் கை விளங்குமா என்று கேட்ட என் வாய்மேல் எனக்கே அருவருப்பு. கர்த்தர் உண்மையிலேயே முன்னால்தான் போயிருந்தார். மீன், முட்டை, வாழைத்தார் என்று பசித்தவர்களின் வாயிலிருந்து எடுத்து எங்களுக்கு வைத்திருந்தார். அதைப் புழுவுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் தினமும் பொய் சொல்லி, இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு.

என் கணவர் முகம் சாம்பலாகிவிட்டது. மூப்பரிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை. அவர் வாயில் வார்த்தை நின்றுபோய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நியாம்சிஸ்காவின் முன்னால் நானும் முழங்காலிட்டேன். போதகர் மனைவி முழங்காலிடுவது வழக்கமில்லை. பெண்கள் பதறிப் பின்வாங்கினார்கள். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. எல்லாம் வீணாகிவிட்டதே, புதன்கிழமைக்குள் வேறு மீன் கொண்டுவந்துவிடுகிறோம், கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணி ஆகும்போது ஃபைசன் ஹாரன் அடித்தான். நான் லாரியிலிருந்து முதலில் ஒரு வாளியை இறக்கச் சொன்னேன். பிறகு என் பெட்டியை. முசூசுவிலிருந்து கொண்டுவந்த மக்காச்சோள மாவு மூட்டையையும் இறக்கி, மரத்தடியில் எல்லாருக்கும் களி கிண்டச் சொன்னேன். பெண்கள் தயங்கினார்கள். அது போதகர் வீட்டு மாவாயிற்றே என்றார்கள். இன்னும் ஜெபம்பண்ணவில்லை, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்றேன். ஒருத்தி சிரித்தாள்.

என் கணவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் வாளியையும் மண்வெட்டியையும் அவர் கையில் கொடுத்தேன்.

"போதகரே, கோட்டைக் கழற்றிட்டு உள்ளே போங்க. ஒரு புழுகூட மிச்சம் இருக்கக் கூடாது. மூப்பர் கேட்டா, எப்போ முடியும்னு உண்மையைச் சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் விளக்குமாறைத் தேடிக்கொண்டிருந்தேன்.