தமிழில் சேர்க்காத பக்கம்

ஆனந்தராசா நாற்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவர். துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்கி முதுகு தேய்ந்த ஆள். தன்பாட்டில் வாசித்து முடித்த முதல் புத்தகம், சிறுவர் உரிமைச் சமவாயத்தைப் பற்றிய ஒரு சின்னக் கைநூல். தாயும் பிள்ளையும் வேறு வேறு நாட்டில் பிரிந்திருந்தால், சேர்த்துவைக்க அரசுகள் மனம்வைக்க வேணும் என்று அதிலே கிடந்தது. அந்த வரியை அவர் பாடமாக்கிப்போட்டார்.

வெளிநாட்டில் அகதியாக இருந்த மனைவி கமலாதேவி, தொண்ணூற்றாறு மாசியில் வேறொரு ஒழுங்கு செய்தாள். அயல்வீட்டு ஸாலிஹாவின் குடும்பத்தோடு சேர்த்து, ஏஜென்சிக்காரன் மூலம் மகளையும் எடுப்பிக்கிற ஒழுங்கு. மறித்தவர் ஆனந்தராசா.

"களவாய் ஏன் போகவேணும்? அந்த நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. நான் வாசிச்சனான்."

ஸாலிஹா குடும்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து வயது இராசமலர், இராணுவச் சுற்றிவளைப்புகளுக்கு நடுவே தகப்பனோடு அன்புவழிபுரத்தில் நின்றுவிட்டாள்.

ஆனந்தராசா மகளுக்காக முறைப்படி போட்ட விசா விண்ணப்பத்துக்கு, ஆவணியில் தூதரகத்திலிருந்து இங்கிலீசில் கடிதம் வந்தது. கைநூலை இங்கிலீசிலிருந்து தமிழாக்கிய சோமசேகரத்திடமே அதைக் கொண்டுபோனார். அவர் வாசித்துச் சொன்னார்.

"விசா இல்லையாம், அண்ணை. கையெழுத்துப் போடேக்கையே, வெளிநாட்டாக்கள் உள்ளுக்கு வாற விசயத்தில இது எங்களைக் கட்டாது எண்டு அந்த நாடு எழுதிக் குடுத்திருக்கு."

ஆனந்தராசாவுக்கு அது உடனே விளங்கிற்று. மூட்டை பொறுப்பெடுக்கிற கிளாக்கர்மார் 'ஏழு மூட்டை கிழிசல், பொறுப்பில்லை' என்று பக்கத்தில் கிறுக்கிவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார்கள். எந்தத் தாளிலும் அவர் முதலில் பார்ப்பது அந்தக் கிறுக்கலைத்தான். அச்சடித்த புத்தகத்தில் அதைத் தேட அவருக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும், சேர்?"

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கிலீசுப் புத்தகத்தில பின்னுக்கு இருந்தது. எந்த நாடு எதை விலக்கினது எண்டு."

"தமிழில இல்லையே."

"நான்தான் சேர்க்கேல்ல. சனம் நம்பிக்கையை விட்டிடும் எண்டு..."

"விட்டிருந்தா என்ர பிள்ளை இப்ப தாயிட்ட இருந்திருக்கும்."

"இருங்கோ, அண்ணை. அப்பீல் ஒண்டு எழுதுவம்."

"இருக்க ஏலாது. மூண்டு மணிக்கு அவ போன் எடுப்பா."

தொலைபேசிக் கடைக்கு இராசமலரும் வந்து, கூண்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். கமலாதேவியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கப்போறன். இப்ப என்ன உயரம்?"

"வாங்காத, கமலா. விசா தரமாட்டம் எண்டிட்டாங்கள்."



"ஏஜென்சியோட வந்த ஸாலிஹான்ர பிள்ளை இப்பவும் என்ர மடியிலதான் இருக்குது," என்றாள் கமலாதேவி. "நீங்கள்தானே மறிச்சனீங்கள். நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ."

ஒன்றும் கேட்டிராத இராசமலர் கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டு போனுக்குக் கையை நீட்டினாள்.