மிக்கேலம்மா வீட்டுக் கிரில் கதவு

மிக்கேலம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, செனாய் ஊரில் அவருடைய வீட்டுக் கிரில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி வீட்டில் இல்லை. அது மிக்கேலம்மாவின் இடுப்போடு குழிக்குள் போய்விட்டது. எண்பத்து மூன்று வயதுவரை இடுப்பை விட்டு இறங்காத சாவியைக் கழற்ற மகள் ஐலீனுக்கு மனசு வரவில்லை. துக்கத்துக்கு வந்து மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கதவை இழுத்துப் பார்த்தார்கள், உதைத்துப் பார்த்தார்கள். மகன் ரோலண்ட் ரம்பத்தால் கம்பியை அறுத்தான். அறுத்த இடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஐலீன் மாதா சுரூபத்தின் முன் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னாள். கடைசி ஆமெனுக்கு டக்கென்று கதவு திறந்தது. அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதும் அந்த வீட்டில் அதுதானே நடந்தது! மிக்கேலம்மா செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே தோட்டத்து மாதா கோயிலின் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டவர். புருஷன் போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன, கோயிலை இடித்தார்கள். மாதா சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் செனாய்க்கு வந்து இறங்கினார். அன்றிலிருந்து வீட்டுச் சாவியும் அதே இடுப்புக்குப் போனது; ஏழு அடித்தால் கிரிலைப் பூட்டிவிடுவார். உள்ளே யார் மாட்டினாலும் ஜெபமாலை முடிந்துதான் வெளியே. இன்சூரன்ஸ்காரர் மாட்டியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் சீனர் ஆ லெக் மாட்டி மாட்டியே 'அருள் நிறைந்த மரியே'யைத் தமிழில் மனப்பாடம் பண்ணிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தம்மாவின் கைக்கு ஒரு ராசி இருந்தது. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். பேத்தி அமண்டா பாட்டியிடம் நெற்றியில் சிலுவை வாங்காமல் ஒரு பரீட்சைக்குப் போனதில்லை. அடக்கப் பூசையில் ஃபாதரே சொன்னார்: "இவங்களுக்காக நாம ஜெபிக்கத் தேவையில்ல. இவங்கதான் இனிமே நமக்காக ஜெபிப்பாங்க." கோயிலே அழுதது.

அடக்கத்துக்குப் பிறகும் கதவு தினமும் பூட்டிக்கொள்ள, மாட்டிக்கொண்டது ஐலீன்தான். அண்ணன் ஜோகூர் பாருவில் குடும்பமாகிவிட்டான். அவளுக்கு நாற்பத்தாறு வயது, ஃபேக்டரியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் தேவானந்தன் என்று ஒருவர், பொதுப்பணி இலாகாவில் இருந்த சிலோன்காரர், சைவர், நெற்றியில் திருநீற்றோடு பெண் கேட்டு வந்தார். மிக்கேலம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. பலகாரம் கொடுத்தார், காப்பி கொடுத்தார், ஏழு மணிக்குக் கிரிலைப் பூட்டினார். பிறகு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சத்தமாக, "இந்தப் பத்து மணியும், தேவானந்தன் தம்பி மனந்திரும்பி வர்றதுக்காக" என்று தொடங்கினார். அவர் எப்போது வந்தாலும் இதேதான். இரண்டு வருஷம் அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு தன் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சிகாமட்டுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். ஐலீன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபிக்கிற அம்மாவோடு யார் சண்டை போட முடியும்?

முதல் மாதம் ஒரு ஜெபமாலைக்குத் திறந்த கதவு, போகப் போக இரண்டு கேட்டது, பிறகு மூன்று. நேரமும் முந்திக்கொண்டே வந்தது: ஏழு ஆறாயிற்று, ஆறு ஐந்தாயிற்று. வெளியே தங்கிவிடலாம் என்று பார்த்தாள். நேரம் வந்தால் அவள் இருக்கும் இடத்துக் கதவெல்லாம் பூட்டிக்கொண்டது. குளாய்ப் பக்கம் ஒரு கல்யாண விருந்தில் மண்டபமே பூட்டிக்கொள்ள, மாப்பிள்ளை வீட்டார் மைக்கை அவள் கையில் கொடுத்து, "சீக்கிரம் சொல்லுங்கக்கா, பிரியாணி ஆறுது லா" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்குப் பத்திரிகை வைப்பதில்லை. ஃபேக்டரியிலும் கதவு பூட்டிக்கொள்ளுமுன் அவளை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். இப்படியே போனால் காலையிலும் கதவு திறக்காமல் போகும், அம்மா வீட்டுக்குள்ளேயே கிழவியாகிச் செத்துப்போவோம் என்று பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தேவானந்தன் திரும்பி வந்தார். பென்ஷன் வாங்கிவிட்டார், பெக்கோக்கில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார், தலை நரைத்துவிட்டது, திருநீறு அப்படியே இருந்தது. "வந்துரு ஐலீன், போதும்" என்றார். கல்யாணத்தைப் பதிய நாள் வாங்கினார்கள். அன்று காலை அவள் பட்டுச் சேலை கட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கிரில் பூட்டியிருந்தது.

வெளியே தேவானந்தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே ஐலீன் ஒன்று சொன்னாள், இரண்டு சொன்னாள், மூன்றும் சொன்னாள். கடைசியில் வழக்கம்போல இறந்தவர்களின் பேர்களைச் சொன்னாள்: அப்பா, மாமா, தோட்டத்துச் சனங்கள், எல்லாரையும் அடித்த பழைய கங்காணிகூட. கதவு அசையவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் தேவானந்தன் கம்பிக்கு வெளியிலிருந்து. "உங்க ஜெபம் எனக்குத் தலைகீழா தெரியும், ரெண்டு வருஷம் கேட்டவன். எல்லார் பேரும் வருது. உங்க அம்மா பேரு வரலையே?"

"அம்மாவுக்கு எதுக்குங்க? அவங்க நேரா மோட்சம் போயிட்டாங்க. ஃபாதரே சொன்னாரு."

"கங்காணிக்குக் கேக்க ஆள் இருக்கு. பெத்தவங்களுக்கு ஒருத்தர்கூட இல்லையா? நாங்க திதியாவது குடுப்போம்."

ஐலீனுக்குச் சுரீரென்றது. ஒரு வருஷமாக ஒரு ஆள்கூட அம்மாவுக்காக வாய் திறக்கவில்லை. புண்ணியவதி என்று சொல்லியே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள்! தான் மட்டுமா பூட்டிக் கிடக்கிறாள்? அம்மாவுந்தானே! மறுபடி முழங்காலிட்டு, "மிக்கேலம்மாளுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே, அவங்க பாவத்தை மன்னியும்" என்றாள். பூட்டு லேசாகக் கிலுகிலுத்தது. திறக்கவில்லை.

"என்ன பாவம்னு நீ சொல்லல" என்றார் தேவானந்தன், மெதுவாக.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சொல்றேன்! எங்கம்மா என்னைப் பூட்டி வெச்சாங்க ஆண்டவரே! உம்ம பேரைச் சொல்லியே பூட்டி வெச்சாங்க. இந்த மனுசன என் கண்ணு முன்னாடி ஜெபம் பண்ணியே துரத்துனாங்க. அவங்களுக்குத் தனியா இருக்கப் பயம், அதை எங்கிட்ட சொல்லாம, உம்மகிட்டயே சொல்லிட்டிருந்தாங்க. என் அம்மாவ எனக்கு ரொம்பப் புடிக்கும். நான் மன்னிச்சிட்டேன், நீரும் மன்னியும், அவங்கள விட்டுரும்!" என்று தரையில் கையை அடித்துக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கேட்டது.

டக்கென்று கிரில் திறந்தது. கிரில் மட்டுமா? அலமாரிகள் திறந்துகொண்டன, பிரிட்ஜ் திறந்தது, வருஷக்கணக்காக யாராலும் திறக்க முடியாத எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலும் திறந்தது. பிறகு வாசலில் ஒரு வயசான கால் செருப்பைத் துழாவும் சத்தமும், சரக் சரக்கென்று நடக்கும் சத்தமும் கேட்டன. தேவானந்தன் காலை மடக்கி வழிவிட்டார். சத்தம் தெரு முனை தாண்டிக் கோயில் பக்கம் திரும்பியது. அவர்கள் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். தாமதத்துக்கு அதிகாரி கொஞ்சம் முணுமுணுத்தார்.

இப்போது பெக்கோக்கில் ஏழு மணிக்கு ஐலீன் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்கிறாள். அம்மா பேர்தான் முதலில். தேவானந்தன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். செனாய் வீட்டில் அண்ணன் மகள் அமண்டா இருக்கிறாள். அந்தக் கிரில் அதற்குப் பிறகு பூட்டவே இல்லை. எந்தப் பூட்டைப் போட்டாலும் நழுவி விழுந்துவிடுகிறது. மழை பெய்தால் மட்டும் சாக்குப் போட்டு மறைப்பாள். இதுவரை அந்த வீட்டிலிருந்து காணாமல் போனது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும்தான். எடுத்தது யார் என்று தெரியும் என்பதால் போலீசுக்குச் சொல்லவில்லை.